இழையில் தொங்கிய படிகம்

நுழையும்முன்

காந்தம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது இரும்பு. மரம், நீர், உப்பு, கரி, கற்பூரம் முதலிய பொருள்களைக் காந்தம் பொருட்படுத்துவதில்லை என்றே எண்ணுகிறோம். பொருட்படுத்தாததுபோல் தோன்றும் அப்பொருள்களைப் பல்லாண்டுகள் பொறுமையுடன் ஆராய்ந்து, அவற்றினுள் மூலக்கூறுகள் எவ்வாறு அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை அளந்து சொன்னவர் கே.எஸ். கிருஷ்ணன். தென் தமிழகத்து மலையடிவாரத்தில் பிறந்த அவ்வறிஞரின் வாழ்வையும் ஆய்வையும் இப்பாடம் கூறுகிறது.

மலையடிவாரம்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலை சமவெளியைத் தொடுமிடத்தில் அமைந்திருக்கிறது செண்பகத்தோப்பு. காட்டழகர் கோயிலுக்குச் செல்லும் வழியும், சாம்பல் நிற அணில்கள் கிளைவிட்டுக் கிளை தாவும் உயர்ந்த மரங்களும், மழைக்காலத்தில் பெருகிக் கோடையில் மெலியும் ஓடைகளும் நிறைந்த காட்டுப்பகுதி அது. அம்மலைத்தொடரின் பாறைகளை அரித்துக்கொண்டு இறங்கும் ஓடைகள் சமவெளியில் மணலைப் பரப்புகின்றன. பழுதான வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைத் தாளில் சுற்றி அம்மணலில் துழாவினால், கருநிறத் துகள்கள் மீசைமயிர்போல் அதில் சிலிர்த்து நிற்கும். அவை மேக்னடைட் என்னும் இரும்புக் கனிமத்தின் துகள்கள். வெண்மணலோ அசைவதில்லை. ஓடைநீரும் உதிர்ந்த இலையும் அவ்வாறே.

அசைவதில்லை என்பது கண்ணின் முடிவு. 1845ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே வேறொன்றைக் கண்டிருந்தார். வலிமைமிக்க காந்தத்தின் முனைகளுக்கிடையே கண்ணாடித் துண்டொன்றை நூலில் தொங்கவிட்டபோது, அது மெல்லத் திரும்பி விலகி நின்றது. பெரும்பாலான பொருள்களைக் காந்தம் ஈர்ப்பதில்லை. மிகமிக மெலிதாக விலக்குகிறது. இப்பண்பே டயா காந்தத்தன்மை எனப்படுகிறது. நீரின் டயா காந்த ஏற்புத்திறன் ஒன்றில் இலட்சத்தில் ஒரு பங்கு என்னும் அளவினது. இரும்பைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது இல்லாததற்கு ஒப்பானது.

செண்பகத்தோப்பிலிருந்து அதே மலையடிவாரத்தை ஒட்டி வடக்கே சென்றால் வத்திராயிருப்பு என்னும் ஊர் வரும். சதுரகிரி மலையின் நிழலில், வயல்களும் கண்மாய்களும் சூழ்ந்த ஊர் அது. இன்று விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அக்காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்திற்கு உட்பட்டிருந்தது. அவ்வூரில் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன் பிறந்தார். தந்தையார் உழவுத்தொழிலோடு தமிழிலும் வடமொழியிலும் ஆழ்ந்த பயிற்சி உடையவர். அப்பயிற்சி மகனுக்கும் வாய்த்தது. பின்னாளில் உலகின் முன்னணி இயற்பியல் அறிஞர்களோடு உரையாடிய காலத்திலும் இலக்கியங்களைக் கற்பதைக் கிருஷ்ணன் கைவிடவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் இந்து உயர்நிலைப்பள்ளியில் அவரது பள்ளிக்கல்வி நிகழ்ந்தது. அடுத்து மதுரை அமெரிக்கன் கல்லூரி. அதனை அடுத்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. இயற்பியல் பயின்ற அவருக்கு அக்கல்லூரியில் கிடைத்த பணி வேதியியல் செய்முறை விளக்குநர் பணியாகும். இடைவேளை நேரங்களில் மாணவர்களை அழைத்து அமரச் செய்து, இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகிய எதிலும் அவர்கள் கேட்கும் எந்த ஐயத்தையும் எடுத்துக்கொண்டு விளக்குவது அவர் வழக்கம். பாடத்திட்டத்தில் இல்லாத அந்த வகுப்பிற்குப் பக்கத்துக் கல்லூரி மாணவர்களும் வரத் தொடங்கினர். இயற்பியல் படித்தவர் வேதியியல் மேசையருகே நின்ற அவ்வாண்டுகள் வீணாகவில்லை. மூலக்கூறுகளின் வடிவம் குறித்து அவர் பின்னர்ச் செய்த ஆய்வுகளுக்கு இரண்டு துறைகளின் அறிவும் தேவைப்பட்டது.

பௌபஜார் தெருவில்

1920இல் கிருஷ்ணன் கல்கத்தா சென்றார். அங்குப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் சி.வி. இராமன் பேராசிரியராக இருந்தார். 1923 முதல் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில், இராமனின் ஆய்வுக்குழுவில் கிருஷ்ணன் இடம்பெற்றார். திரவங்களில் ஒளி எவ்வாறு சிதறுகிறது என்பதே அவருக்கு அளிக்கப்பட்ட முதல் பணி. திரவங்களைத் திரும்பத் திரும்பத் தூய்மைப்படுத்தி, தூசு நீக்கி, அவற்றினூடே ஒளியைச் செலுத்திப் பக்கவாட்டில் சிதறும் ஒளியைக் கவனிக்க வேண்டும். மாசு சிறிதளவு இருந்தாலும் முடிவு பிழையாகிவிடும். பொறுமை இல்லாதவரால் செய்ய இயலாத வேலை அது.

1928ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் நிகழ்ந்தவற்றை இந்திய அறிவியல் வரலாறு நன்கறியும். கணக்கீடுகளிலும் கோட்பாட்டிலும் ஆழ்ந்திருந்த கிருஷ்ணனைச் சோதனைமேசைக்கு மீண்டும் அழைத்தார் இராமன். தொலைநோக்கி வில்லையால் குவிக்கப்பட்ட சூரிய ஒளி, நீல ஊதா நிற வடிகட்டி ஒன்றின் வழியே திரவத்திற்குள் சென்றது. பார்ப்பவரின் கண்ணுக்கு முன்னே, அந்நீல ஒளியை முற்றிலும் தடுக்கும் மற்றொரு வடிகட்டி. நுழைந்த ஒளி நிறம் மாறாமல் சிதறியிருந்தால் கண்ணுக்கு இருள் மட்டுமே தெரிந்திருக்கும். தெரிந்தது மங்கலான ஓர் ஒளித்தடம். அது வெறும் உடனொளிர்வோ என்னும் ஐயம் எழுந்தது. அவ்வொளி தளவிளைவு அடைந்திருப்பதைக் கிருஷ்ணன் கண்டறிந்தபோது அவ்வையம் வலுவிழந்தது. செய்தியின் பொருளை உணர்ந்த இராமன், 7ஆம் நாள் இரவில் கிருஷ்ணனின் இல்லத்திற்கே வந்து அதைப் பற்றிப் பேசினார். ஏறத்தாழ அறுபது திரவங்களில் அவ்விளைவு சோதிக்கப்பட்டது. பிப்ரவரி 28ஆம் நாள் நிறமாலைக்காட்டியின் வழியே நோக்கியபோது, புதிய நிறம் பழைய நிறத்திலிருந்து பிரிந்து தெளிவாகத் தெரிந்தது. அந்நாளையே தேசிய அறிவியல் நாளாக இன்று கொண்டாடுகிறோம்.

இக்கண்டுபிடிப்பை உலகிற்கு அறிவித்த முதற்கட்டுரை நேச்சர் இதழில் 1928 மார்ச் 31ஆம் நாள் வெளிவந்தது. அதன்கீழ் இராமன், கிருஷ்ணன் என இரு பெயர்களும் இருந்தன. 1930இல் நோபல் பரிசு இராமனுக்கு வழங்கப்பட்டது. விளைவும் இராமன் பெயராலேயே வழங்குகிறது. இராமன் தம் நோபல் உரையில் கிருஷ்ணனின் முற்கால ஆய்வுகளைக் குறிப்பிட்டார். எனினும், அக்கண்டுபிடிப்பில் யாருக்கு எவ்வளவு பங்கு என்னும் வினா அறிவியல் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் பேசப்படுகிறது. பிப்ரவரி மாத நிகழ்ச்சிகளை நாள்தோறும் எழுதிவைத்த கிருஷ்ணனின் நாட்குறிப்பு அதற்கு முதன்மையான சான்றாக விளங்குகிறது. அந்நாட்குறிப்பைக் கையிலேந்தி உரிமை கோரி அவர் பொதுவெளியில் நின்றதில்லை.

முப்பது வயது நிரம்பாத ஆய்வாளர் ஒருவருக்கு அது எளிய நிலைமையன்று. உலகம் வியந்த கண்டுபிடிப்பின் அருகில் நின்றவர் அதன் நிழலிலேயே தங்கிவிடக் கூடும். அதே துறையில் மேலும் சில கட்டுரைகள் எழுதியபடி வாழ்நாளைக் கழித்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். கிருஷ்ணன் வேறு வழி கொண்டார்.

டாக்காவில் ஒரு நூலிழை

1928ஆம் ஆண்டின் இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் இணைப்பேராசிரியராகக் கிருஷ்ணன் பொறுப்பேற்றார். சத்யேந்திரநாத் போஸ் அங்குப் பேராசிரியராக இருந்தார். படிகங்களின் காந்தப் பண்புகளை ஆராய்வதைக் கிருஷ்ணன் டாக்காவில் தம் தனித்துறையாக வகுத்துக்கொண்டார்.

அவர் எடுத்துக்கொண்ட வினா இதுதான். நாப்தலீன், ஆந்த்ரசீன் போன்ற படிகங்கள் டயா காந்தப் பொருள்கள். அவற்றைக் காந்தம் விலக்குகிறது. ஆயினும் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாக விலக்குவதில்லை. ஒரு திசையில் மிகுதி, மற்றொரு திசையில் குறைவு. இவ்வேறுபாடு எங்கிருந்து வருகிறது? படிகத்தினுள் இருக்கும் மூலக்கூறுகள் தட்டையானவை. ஆறு கார்பன் அணுக்கள் வளையமாகக் கைகோத்து நிற்கும் பென்சீன் அமைப்பே அவற்றின் அடிப்படை. வளையத்தின் தளத்திற்குச் செங்குத்தாகக் காந்தப்புலம் செல்லும்போது வளையத்து எலக்ட்ரான்கள் அதனை வலிமையாக எதிர்க்கின்றன. தளத்தின் வழியே செல்லும்போது எதிர்ப்பு குறைவு. எனவே, படிகம் எத்திசையில் எவ்வளவு எதிர்க்கிறது என்று துல்லியமாக அளந்தால், உள்ளே தட்டையான மூலக்கூறுகள் எப்பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று கணக்கிட்டுச் சொல்லலாம். பெட்டியைத் திறக்காமலே உள்ளிருக்கும் தட்டுகள் அடுக்கப்பட்ட முறையை அறிவதற்கு இது ஒப்பாகும்.

எண்ணம் எளிது, அளப்பது அரிது. அளக்க வேண்டிய விசையோ மிகச் சிறியது. வலிமைமிக்க காந்தம் கடையில் கிடைக்கும் காலமும் அன்று இல்லை. இரும்பு உள்ளகத்தின் மீது செம்புக் கம்பிகளைப் பலநூறு சுற்றுகள் சுற்றி, மின்னோட்டம் செலுத்திப் பெறும் மின்காந்தமே ஆய்வகத்தில் பயன்பட்டது. மின்னோட்டத்தில் சிறு ஏற்றத்தாழ்வு நேர்ந்தாலும் புலம் மாறும். புலம் மாறினால் அளவு மாறும். காற்று அசைந்தாலும் படிகம் ஆடும். படிகத்தில் ஒட்டிய இரும்புத்தூசு ஒன்றே உண்மையான விளைவை மூழ்கடித்துவிடும்.

இத்தனை இடையூறுகளுக்கும் கிருஷ்ணன் கண்ட விடை வியப்பூட்டும் எளிமை உடையது. அதைச் சற்று விரிவாகக் காண்பது தகும்.

குவார்ட்சை உருக்கி இழுத்தால் தலைமுடியைவிட மெல்லிய இழை கிடைக்கும். அவ்விழையின் கீழ்முனையில் சிறிய படிகம் ஒன்று தொங்கவிடப்படுகிறது. மேல்முனை, கோண அளவு பொறித்த வட்டத் தலைப்பு ஒன்றில் பொருத்தப்படுகிறது. படிகம் தொங்குமிடத்தில் காந்தப்புலம் எங்கும் ஒரே சீராக இருக்கும்படி மின்காந்தத்தின் முனைகள் அமைக்கப்படுகின்றன. புலம் சீராக இருப்பதால் படிகத்தைப் பக்கவாட்டில் இழுக்கவோ தள்ளவோ விசை ஏதும் இல்லை. திருப்பும் விசை மட்டுமே உண்டு. எத்திசையில் எதிர்ப்பு மிகக் குறைவோ அத்திசை புலத்தின் போக்கிற்கு இணையாகுமாறு படிகம் தானே திரும்பி நிற்கும்.

இப்போது மேலுள்ள தலைப்பை மெல்லத் திருக வேண்டும். கிணற்றுக் கயிற்றை மேலிருந்து முறுக்கினால் கீழே தொங்கும் வாளி திரும்ப முயல்வதைப்போல, இழையின் முறுக்கம் படிகத்தைத் திருப்ப முயலும். காந்தப்புலமோ அதைப் பழைய நிலையிலேயே பிடித்துவைக்கும். தலைப்பை எத்தனையோ சுற்றுகள் திருகினாலும் படிகம் சிறிது சிறிதாகவே இணங்கிக் கொடுக்கும். பிடித்துவைக்கும் அவ்விசை 45 பாகைக் கோணத்தில் உச்சத்தை அடைகிறது. அதைத் தாண்டினால் விசை குறையத் தொடங்கும். ஆகவே படிகம் 45 பாகையை எட்டியதும் முறுக்கத்தின் கை ஓங்கிவிடுகிறது. அதுவரை அடங்கி நின்ற படிகம் சட்டெனச் சுழன்றுவிடும். அந்த ஒரு கணத்தில் தலைப்பு எத்தனை பாகை திருகப்பட்டிருந்தது என்று குறித்துக்கொண்டால் போதும். இழையின் முறுக்க மாறிலியும் படிகத்தின் நிறையும் புலத்தின் வலிமையும் தெரிந்திருந்தால், இரு திசைகளுக்கும் இடையிலான காந்த ஏற்புத்திறன் வேறுபாட்டை ஒரு சிறு கணக்கில் பெற்றுவிடலாம்.

இம்முறையின் நுட்பம் அதன் சிக்கனத்தில் இருக்கிறது. நுண்ணிய அசைவை அளக்கும் அரிய கருவி எதுவும் தேவையில்லை. படிகம் சுழன்றுவிழும் கணத்தைக் கண்ணாலேயே காணலாம். பெரிய படிகமும் வேண்டியதில்லை. அளக்கப்படும் விசை புலத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், புலத்தை இரண்டு மடங்காக்கினால் விசை நான்கு மடங்காகும். இழையை மேலும் மெலிதாக்கினால் இன்னும் சிறிய வேறுபாட்டையும் பிடிக்கலாம். சாந்திலால் பானர்ஜியுடன் இணைந்து கிருஷ்ணன் உருவாக்கிய இம்முறை, மாறுநிலை முறுக்க முறை என்னும் பெயரில் காந்த அளவீட்டு நூல்களில் இடம்பெற்றது. பிற்கால ஆய்வகங்கள் பலவும் அதனைக் கையாண்டன.

பி.சி. குஹா, சாந்திலால் பானர்ஜி முதலிய மாணவர்களோடு அவர் எழுதிய நீண்ட கட்டுரைத் தொடரை இலண்டன் இராயல் கழகம் 1933 முதல் வெளியிட்டது. மூலக்கூறுகளின் சாய்வை எக்ஸ் கதிர்களால் கண்டறிந்துகொண்டிருந்த மேலைநாட்டு அறிஞர்களுக்கு, இந்தியாவிலிருந்து வந்த இவ்வளவீடுகள் பெருந்துணையாயின. எக்ஸ் கதிர்ப்படங்களிலிருந்து படிக அமைப்பை வருவிப்பது அக்காலத்தில் மாதக்கணக்கில் நீளும் கணக்கு. மூலக்கூறு ஏறத்தாழ எப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காந்தம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் கணக்கின் பாதி தொலைவு கடக்கப்பட்டுவிடும். பென்சீன் வளையம் தட்டையானது என்று நிறுவிய கேத்லீன் லான்ஸ்டேலும் கிருஷ்ணனும் சேர்ந்து 1936இல் இதுபற்றிக் கட்டுரை எழுதினர். அதே ஆண்டில் லைனஸ் பாலிங், வளைய மூலக்கூறுகளின் காந்தப் பண்பை விளக்கும் தம் கோட்பாட்டைக் கிருஷ்ணனின் அளவீடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். வளையத்தில் எலக்ட்ரான்கள் சுற்றிவருவதால் எழும் மின்னோட்டம் என்று இன்றைய வேதியியல் மாணவர் பயிலும் கருத்திற்கு அவ்வளவீடுகள் உரைகல்லாக அமைந்தன.

கரித்தகட்டின் வியப்பு

1933இல் இராமன் பெங்களூருக்குப் பெயர்ந்தபின், கல்கத்தா கழகத்தில் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகக் கிருஷ்ணன் திரும்பிவந்தார். அவர் ஆராய்ந்த பொருள்களுள் இன்றைய மாணவர்க்கு மிக நெருக்கமானது கிராஃபைட். எழுதுகோலின் கருமுனையில் இருப்பது அதுவே.

கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் அறுகோணக் கட்டங்களாக விரிந்து, தாள் அடுக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. தாள்களுக்குச் செங்குத்தான திசையில் அதன் டயா காந்த எதிர்ப்பு, தாள்களின் வழியே உள்ள எதிர்ப்பைப்போல் ஏறத்தாழ நாற்பது மடங்கு. வேறெந்தச் சாதாரணப் பொருளிலும் இத்தகைய வேறுபாட்டைக் காண்பது அரிது. காரணம் என்ன? கிராஃபைட்டின் எலக்ட்ரான்களுள் ஒரு பகுதி, தாளின் பரப்பில் தடையின்றித் திரிகின்றன; ஒரு தாளிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் தாவுவதில்லை. ஆகவே அவற்றை நீளமும் அகலமும் மட்டும் கொண்ட இருபரிமாண உலகில் வாழும் எலக்ட்ரான்களாகக் கருதலாம். வெப்பநிலையை மாற்றி மாற்றி அளந்து, கங்குலியுடன் சேர்ந்து 1941இல் இக்கருத்தைக் கிருஷ்ணன் விரித்துரைத்தார். ஒற்றைத்தாள் கார்பனாகிய கிராஃபீனைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தமைக்காக 2010இல் ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டான்டின் நோவோசெலோவ் ஆகியோர் நோபல் பரிசு பெற்றனர். அதே கெய்ம், 1997இல் 16 டெஸ்லா அளவிலான காந்தப்புலத்தில் உயிருள்ள தவளை ஒன்றை அந்தரத்தில் மிதக்கவிட்டு உலகை வியப்பில் ஆழ்த்தியவர். தவளையைத் தாங்கியதும் கிருஷ்ணன் அளந்த அதே டயா காந்த விலக்கம்தான்.

கிருஷ்ணன் மின்காந்தத்தால் பாடுபட்டுப் பெற்ற வலிமையை இன்று உள்ளங்கையில் ஏந்தலாம். 1980களில் உருவான நியோடிமியம் காந்தங்களே அதற்குக் காரணம். கழித்துப்போடப்பட்ட கணினியின் ஹார்டு டிஸ்கைத் திறந்தால், படிக்கும் கையை அசைக்கும் பகுதியில் அத்தகைய காந்தத் துண்டுகள் இருக்கும். நான்கு சிறு நியோடிமியம் காந்தங்களை வடமுனையும் தென்முனையும் மாறிமாறி மேல்நோக்குமாறு சதுரமாக அடுக்கி, அடுக்குகள் ஒழுங்காக அமைந்த மெல்லிய கிராஃபைட் தகட்டை அவற்றின்மேல் வைத்தால், அது காந்தங்களைத் தொடாமல் மயிரிழை உயரத்தில் மிதந்து நிற்கும். மின்கலம் இல்லை, நூல் இல்லை. ஊதினால் நடுங்கும்; மீண்டும் தன்னிடத்திற்கு வரும். ஆய்வகக் கருவிகள் குறைந்த பள்ளியிலும் செய்யத்தக்க சோதனை இது.

ஆனால், இக்காந்தங்கள் விளையாட்டுப் பொருள்கள் அல்ல. இரண்டு துண்டுகள் ஒன்றையொன்று நோக்கிப் பாயும்போது இடையே அகப்பட்ட விரல் நசுங்கும். மோதிய காந்தம் சில்லுகளாகத் தெறிக்கும். பழைய தொலைக்காட்சிப் பெட்டியையும் மைக்ரோவேவ் அடுப்பையும் காந்தத்திற்காகத் திறக்கக் கூடாது. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் அவற்றின் மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கும் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். ஆசிரியரின் துணையோடு செய்வதே முறை.

தலைநகரில்

1937இல் ரூதர்ஃபோர்டின் அழைப்பை ஏற்றுக் கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்தில் கிருஷ்ணன் உரை நிகழ்த்தினார். 1940இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். இப்பெருமை நோபல் பரிசின் எதிரொளியால் வந்ததன்று. இழையும் படிகமும் கொண்டு அவர் தாமே ஈட்டியது. 1942இல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, ஏ.பி. பாட்டியா என்னும் மாணவரோடு உலோகங்களின் மின்தடை பற்றி ஆராய்ந்தார். 1946இல் ஆங்கில அரசு சர் பட்டம் வழங்கியது.

நாடு விடுதலை பெறும் தறுவாயில் அவருக்கு வேறொரு பொறுப்பு வந்தது. புதுதில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்திற்கு 1947 ஜனவரி 4ஆம் நாள் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். அதன் முதல் இயக்குநராகக் கிருஷ்ணன் அமர்த்தப்பட்டார். 1950 ஜனவரி 21ஆம் நாள் சர்தார் வல்லபபாய் பட்டேல் ஆய்வகத்தைத் திறந்துவைத்தார். 1948இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஆணையத்தில் ஹோமி பாபா, சாந்தி சுவரூப் பட்நாகர் ஆகியோருடன் மூன்றாம் உறுப்பினராக விளங்கியவரும் அவரே.

நாடெங்கும் ஒரே அளவில் எடையும் நீளமும் நிறுத்தளக்கப்பட வேண்டுமானால், அவற்றுக்கு மூலமான தரஅளவுகளை ஓரிடத்தில் பேணிக்காக்க வேண்டும். அப்பணி இவ்வாய்வகத்தினுடையது. தேர்தலில் வாக்காளர் விரலில் இடப்படும் அழியாத மையும் இவ்வாய்வகத்தில் உருவானதே. இயக்குநரின் மேசையில் கோப்புகள் குவிந்தன, குழுக்கூட்டங்கள் பெருகின. ஆய்வுமேசைக்கும் அவருக்கும் இடையே தொலைவு கூடிய ஆண்டுகள் அவை. நிறுவனம் வளர்ந்ததால் நாடு பெற்ற பயன் பெரிது. அந்த ஆண்டுகள் முழுவதும் அவர் படிகங்களோடு மட்டும் இருந்திருந்தால் இயற்பியல் என்ன பெற்றிருக்கும் என்று எண்ணாதிருக்கவும் இயலவில்லை.

ஆயினும் ஆய்வை அவர் விட்டுவிடவில்லை. அக்காலத்து வானொலிப் பெட்டிகள் யாவும் வால்வு எனப்படும் வெற்றிடக் குழாய்களால் இயங்கின. பெட்டியைத் திருகியவுடன் ஒலி வராது. குழாயினுள் மின்னிழை சூடேறிச் செந்நிறமாக ஒளிரும்வரை காத்திருக்க வேண்டும். சூடேறிய பரப்பிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறுவதே அக்கருவிகளின் உயிர். வெப்ப அயனி உமிழ்வு எனப்படும் இந்நிகழ்வைக் கிருஷ்ணன் தம் இறுதிக்கால ஆய்வுப்பொருளாகக் கொண்டார். எந்த வெப்பநிலையில் எவ்வளவு எலக்ட்ரான்கள் வெளியேறும் என்பதைப் பரப்பின் குறைபாடுகள் மறைத்துவிடுவது அதிலுள்ள இடர். எஸ்.சி. ஜெயினுடன் சேர்ந்து அவர் கண்ட வழி, பழைய டாக்கா நாள்களின் எளிமையை நினைவூட்டுவது. கிராஃபைட்டால் ஆன மூடிய அறை ஒன்றைச் சூடேற்றினால் அதனுள் எலக்ட்ரான்கள் ஆவிபோல் நிரம்பும். அறையின் சுவரில் சிறு துளை ஒன்றிட்டு, அதன் வழியே கசியும் எலக்ட்ரான்களை அளந்தால், உள்ளிருக்கும் எலக்ட்ரான் ஆவியின் அழுத்தம் தெரியும். மூடிய பானையின் ஓட்டை வழியே வெளிவரும் நீராவியைக் கொண்டு உள்ளே இருக்கும் அழுத்தத்தை அறிவதைப் போன்றது இது.

மின்னோட்டத்தால் சூடேறும் கம்பியின் நீளம் முழுவதும் வெப்பநிலை எவ்வாறு பரவியிருக்கும் என்னும் கணக்கையும் அவர் எடுத்துக்கொண்டார். கம்பியின் நடுப்பகுதி ஒளிரும். இணைப்புகளைத் தொடும் இரு முனைகளோ வெப்பத்தை இழந்து மங்கலாக இருக்கும். பழைய வால்வைக் கண்ணாடி வழியே உற்றுப் பார்க்கும் எவரும் காணக்கூடிய காட்சி. எல்லோரும் கண்டதற்கு அவர் கணிதம் எழுதினார்.

1954இல் பத்மபூஷண் விருதும், 1958இல் முதன்முதலாக வழங்கப்பட்ட சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசும் அவரை வந்தடைந்தன. உரையாடலில் இனியவர், கதை சொல்வதில் வல்லவர், பழந்தமிழ் நூல்களிலும் வடமொழி நூல்களிலும் தோய்ந்தவர் என்று அவரோடு பழகியோர் எழுதியுள்ளனர். நேரு அவரை அறிவியல் அறிஞர் என்பதற்கும் மேலாக, நிறைவான மனிதராக மதித்தார்.

சூடேறிய கம்பிகளைப் பற்றிச் சுந்தரத்துடன் அவர் எழுதிய ஆய்வுக்கட்டுரை 1960இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு ஜூன் 14ஆம் நாள், இயக்குநர் பொறுப்பில் இருக்கும்போதே, தம் அறுபத்திரண்டாம் வயதில் தில்லியில் கிருஷ்ணன் காலமானார். தேசிய இயற்பியல் ஆய்வகம் அமைந்துள்ள பூசா பகுதிச் சாலை இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.